வீட்டுல குதிரை கட்டப் போறீங்களா, முதல்ல அரளிச் செடியப் பாருங்க

குதிரை வாங்கணும்னு கிளம்புறவங்க எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விங்கதான், என்ன ரேட்டு, ஜாதி மார்வாரியா கத்தியவாடியா, சுழி சுத்தமா இருக்கா, வயசுக்கு பல்லு சரியா இருக்கா. அந்தியூர் ஆடித் திருவிழா சந்தையில ஒரு மணி நேரம் நின்னீங்கன்னா இந்தப் பேச்சுதான் காதுல விழும். வாங்கிட்டு வர்ற குதிரைய எங்க கட்டப் போறோம், அந்த இடத்தச் சுத்தி அழகுக்குன்னு என்னென்ன செடி வச்சிருக்கோம்னு ஒருத்தரும் யோசிக்கிறதில்ல. நானும் யோசிக்கல, அதனாலதான் இத எழுதுறேன்.

எங்க தோட்டத்துல கேட்டுல இருந்து கொட்டகை வரைக்கும் பாதைக்கு ரெண்டு பக்கமும் செவ்வரளி, அப்பா வச்சது, தண்ணியே ஊத்த வேண்டாம், ஆடு மாடு கடிக்காது, வருஷம் பூரா பூக்கும்னு வச்சாரு. குதிரை வந்து ஒன்பது மாசம் தினமும் அந்தப் பாதையிலதான் நடந்துச்சு, ஒரே ஒரு தடவ மோந்து பாத்துட்டு மேல் உதட்டத் தூக்கிட்டுப் போயிடுச்சு. சரி, அதுக்கே தெரியுது போலன்னு விட்டுட்டோம். பொங்கலுக்கு முன்னாடி ஆள் விட்டு கவாத்து பண்ணோம், வெட்டுன கொம்பெல்லாம் கம்பி வேலியோரமா குவிச்சு வச்சாரு, மறுநாள் டிராக்டர் வந்து அள்ளும்னு. டிராக்டர் வரல. மூணாவது நாள் சாயங்காலம் போய்ப் பாத்தா கம்பிக்கு நடுவுல தலைய விட்டு குதிரை அந்தக் குவியல மேஞ்சுட்டு நிக்குது, வாய் ஓரத்துல சுருண்ட இலை ஒண்ணு ஒட்டிட்டு இருந்துச்சு.

வேலை செஞ்சவர் பாவம், தலையில கைய வச்சுட்டு உக்காந்துட்டாரு. "ஆடே தொடாத செடிங்க, குதிரையா தொடும்னு நெனச்சேனுங்க"ன்னாரு. அவர் மேல தப்பு சொல்ல எனக்கு வாய் வரல, நானும் அப்படித்தானே நெனச்சிருந்தேன்.

குதிரை பொழச்சுக்கிச்சு, அத முதல்லயே சொல்லிடறேன். ஆனா அந்த ரெண்டு நாள் அதோட நெஞ்சுல கைய வச்சா துடிப்பு ரெண்டு அடிச்சு ஒண்ணு விட்டு, அப்புறம் மூணு சேந்தாப்ல அடிச்சு, அப்படி இருந்துச்சு. அத ஒரு தடவ கையில உணர்ந்தவங்க மறுபடி அரளி வளக்க மாட்டாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன்.

முதல்ல இது ஏன்னு புரிஞ்சுக்கோங்க

மாடு ஆடுக்கு ரூமன்னு சொல்ற பெரிய வயிறு இருக்கு, அதுல கோடிக்கணக்கான நுண்ணுயிர் உக்காந்து சில விஷத்த குடலுக்குப் போறதுக்கு முன்னாடியே உடைச்சுப் போட்டுடும். குதிரைக்கு அது கிடையாது. இரைப்பை ஒடம்புக்கு ரொம்பச் சின்னது, 8ல இருந்து 15 லிட்டர்தான் பிடிக்கும், உள்ள போனது நேரா குடலுக்குப் போகும். அதவிட பெரிய விஷயம், குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, உணவுக்குழாயும் இரைப்பையும் சேர்ற இடத்துல தசை அவ்வளவு இறுக்கம். நாய் கண்டதத் தின்னா கக்கிடும், குதிரை தின்னா தின்னதுதான்.

அதனால "ஆடு தின்னுதே"ங்கிறதும் கணக்குல சேராது, "ஆடே தொடலயே"ங்கிறதும் கணக்குல சேராது. ரெண்டுக்கும் கீழ உதாரணம் சொல்றேன்.

வேலை 1: போனை எடுத்துட்டு ஒரு சுத்து சுத்துங்க

குதிரை வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே செய்யுங்க. கேட்ல ஆரம்பிச்சு கொட்டகை, தண்ணித் தொட்டி, மேய விடப் போற இடம், எல்லாத்தையும் சுத்தி வந்து ஒவ்வொரு செடியையும் போட்டோ எடுங்க, இலை தனியா பூ தனியா. பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டுக்கு மேல சாஞ்சு நிக்கிறதையும் விடாதீங்க. குதிரை கழுத்த நீட்டினா எவ்வளவு தூரம் எட்டும்னு புதுசா வளக்குறவங்களுக்கு ஐடியா இருக்காது, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் தூரம் விட்டாதான் நிம்மதி. போட்டோவ நர்சரிக்காரர்கிட்ட காட்டி பேர் கேளுங்க. பேர் மட்டும் கேளுங்க, குதிரைக்கு ஆகுமான்னு அவர்கிட்ட கேக்காதீங்க, அவருக்கு அது தெரியணும்னு அவசியமில்ல.

வேலை 2: அரளி இருந்தா வேற எதையும் பாக்காதீங்க, அத முடிங்க

அடையாளம் ஈஸி. கத்தி மாதிரி நீள இலை, கெட்டியா தோல் மாதிரி இருக்கும், ஒரு கணுவுல பெரும்பாலும் மூணு இலை சுத்தி நிக்கும், நடு நரம்பு வெளுத்துத் தெரியும். பூ சிவப்பு, ரோஸ், வெள்ளை. மஞ்சள் அரளி வேற செடி, தங்க அரளின்னும் சொல்றாங்க, இலை இன்னும் மெலிசு, பூ மணி மாதிரி தொங்கும், கிள்ளினா பால் வரும், காய் முக்கோண டைப்ல இருக்கும். ரெண்டுலயும் இருக்கிறது இதயத்தப் பிடிக்கிற ஒரே வகை விஷம். கோயில்ல நிக்குமே, தடி தடியா கிளையும் நடுவுல மஞ்சளா வெள்ளைப் பூவும், ஈழத்தலரின்னு சொல்றது, அதையும் சில ஊர்ல வெறும் அரளின்னே சொல்றாங்க, அது இந்த ரெண்டும் இல்ல, குழப்பிக்காதீங்க. இலங்கைப் பக்கம் அலரின்னா நம்ம அரளிதான்.

எவ்வளவு தின்னா ஆபத்துன்னு கேட்டா, காய்ஞ்ச இலையா எடுத்துக்கிட்டா குதிரை எடையில 0.005 சதவீதம் போதும்னு கால்நடை விஷவியல்ல கணக்கு சொல்றாங்க. 400 கிலோ குதிரைக்கு போட்டுப் பாருங்க, 20 கிராம். மளிகைக் கடையில மடிச்சுக் குடுக்குற ஒரு சின்னப் பொட்டலம், அவ்வளவுதான்.

இங்கதான் எல்லாரும் ஏமாறுறது. பச்சையா நிக்கிற அரளி கடுங்கசப்பு, குதிரை மோந்துட்டு போயிடும், அதனாலதான் வருஷக்கணக்கா ஒண்ணும் ஆகாம இருக்கும். வெட்டி வாடிப் போச்சுன்னா கசப்பு குறையுது, வைக்கோல் மாதிரி மொறுமொறுன்னு ஆகுது, விஷம் மட்டும் அப்படியே இருக்கு. செடி நிக்கிற நாளவிட செடிய வெட்டுன நாளும் அதுக்கு அடுத்த வாரமும்தான் ஆபத்து. அதனால குதிரை வந்ததுக்கு அப்புறம் எடுத்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க.

எடுக்குற முறை: கையுறை போட்டுக்கோங்க, முழுக்கை சட்டை போடுங்க. கிளைய வெட்ட வெட்ட அப்பப்பவே சாக்குல கட்டுங்க, தரையில குவிக்காதீங்க. வேரோட பிடுங்கணும், தரை மட்டத்துல வெட்டி விட்டா அடுத்த மழைக்கு துளிர்த்து நிக்கும். எரிக்காதீங்க, புகையும் விஷம். குப்பைக் குழியில உரத்துக்குப் போடாதீங்க. கடைசில அந்த இடத்த ரேக் வச்சு ரெண்டு தடவ வாருங்க, உதிர்ந்த இலை காத்துல பறந்து தண்ணித் தொட்டிக்குள்ள விழுந்தா ஊறி அந்தத் தண்ணியும் கெட்டுரும். வேலை முடிஞ்சதும் அருவாளையும் கைய்யையும் சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் குதிரை பக்கம் போகணும்.

சிலர் கேப்பாங்க, கொட்டகையில இருந்து தள்ளிதானே இருக்கு, வெட்டாம விட்டா போதாதான்னு. யார் வெட்டுவான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க ஊர்ல இல்லாத நாள்ல யாராச்சும் நல்லது பண்றேன்னு வெட்டிப் போடுவாங்க.

வேலை 3: புல்லு எங்க இருந்து வருதுன்னு கேளுங்க

இது என் அனுபவத்துக்கு அப்புறம் எனக்கே உறைச்சது. நாலு வழிச்சாலை சென்டர் மீடியன்ல வரிசையா நிக்கிறது பெரும்பாலும் அரளிதான், வெயில் தாங்கும், வண்டிப் புகை தாங்கும், மாடு மேயாது, அதனால வைக்கிறாங்க. அத ட்ரிம் பண்ற நாள்ல ரோட்டோரம் முழுக்க துண்டு துண்டா கிடக்கும். ரோட்டோரத்துல புல் அறுத்து கட்டு கட்டா விக்கிறவங்ககிட்ட வாங்குறீங்கன்னா அந்தக் கட்டுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும், அறுத்தவருக்கே தெரியாது. முடிஞ்சா சொந்தமா கோ-4 தீவனப் புல் போடுங்க, இல்ல போட்டிருக்கிற விவசாயிகிட்ட நேரா வாங்குங்க. கட்டு வந்ததும் பிரிச்சு உதறிப் போடுங்க. அஞ்சு நிமிஷ வேலை, ஆனா தினமும் செய்யணும்.

அதோட பசியில நிக்கிற குதிரை எதையும் கடிக்கும். ஒரு நாளைக்கு உடம்பு எடையில ஒன்றரையில இருந்து ரெண்டு சதவீதம் காய்ஞ்ச தீவனம் உள்ள போகணும், அதாவது 400 கிலோ குதிரைக்கு 6ல இருந்து 8 கிலோ. கொள்ளும் தவிடும் ரெண்டு வேளை வச்சுட்டு மீதி நேரம் வெறும் தரையில கட்டி வச்சிருந்தா அது பொழுது போகாம கைக்கு எட்டுற செடியத்தான் கடிக்கும், குதிரையச் சொல்லி என்ன பண்றது.

வேலை 4: மத்த செடிங்க

எல்லாத்துக்கும் ஒரே பயம் வேண்டாம். எனக்கு எது எது மேல எவ்வளவு பயமோ அந்த வரிசையில சொல்றேன்.

ஆமணக்கு. சிவப்பு இலை ஆமணக்க இப்ப பங்களா தோட்டத்துல அழகுக்கு வைக்கிறாங்க. அதோட விதை, கொட்டமுத்துன்னு சொல்றது, அதுல இருக்கிற விஷத்துக்கு மத்த கால்நடைங்கள விட குதிரைதான் சீக்கிரம் சாகும். தின்ன உடனே ஒண்ணும் தெரியாது, அரை நாளோ ரெண்டு மூணு நாளோ கழிச்சு வயித்து வலி, வேர்வை, கழிச்சல்னு ஆரம்பிக்கும். செடியவிட நான் பயப்படுறது புண்ணாக்குக்கு. ரோஜாத் தொட்டிக்கு உரமா போட ஆமணக்குப் புண்ணாக்கு மூட்டை வாங்கி வைப்போம், அதே ரூம்லதான் கடலைப் புண்ணாக்கு மூட்டையும் இருக்கும், பாக்க ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு, புதுசா வந்த பையன் எந்த மூட்டைய அவிழ்ப்பான்? உரம் ஒரு ரூம், தீவனம் வேற ரூம், பூட்டோட.

அடினியம். மொட்டை மாடியில, போர்டிகோவுல அடி பெருத்துப் போய் நிக்குமே, அரளி குடும்பம்தான், அதே மாதிரி இதய விஷம். கவாத்து பண்ணி ஷேப் கொண்டு வர்ற செடிங்கிறதால வெட்டுன துண்டு எங்க போகுதுன்னு கவனிக்கணும்.

சவுண்டல். சூபாபுல்னும் சொல்வாங்க. இதுதான் "ஆடு தின்னுதே" கேஸு. வேலிக்கும் நிழலுக்கும் வச்சு, கிளைய ஒடிச்சு ஆட்டுக்குப் போடுவோம், நல்லா திங்கும். அதுல மைமோசின்னு ஒரு சரக்கு இருக்கு, ஆடு மாடு வயித்துல அத உடைக்கிற பாக்டீரியா இருந்தா தப்பிச்சுக்கும். குதிரைக்குத் தொடர்ந்து போட்டீங்கன்னா பிடரி மயிரும் வால் மயிரும் கொத்துக் கொத்தா உதிரும். செத்துப் போகாது, ஆனா வாலே இல்லாத குதிரைய எந்தக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போவீங்க? வால் கொட்டுதுன்னு ஷாம்பு மாத்திட்டு இருக்கிற சிலபேர் தீவனத்தப் பாக்குறதே இல்ல.

இரவு ராணி. மல்லின்னு நெனச்சு வாங்குவாங்க, மல்லி குடும்பமே இல்ல, கத்திரி குடும்பம். இதுல பகல்ல மணக்குற வகை ஒண்ணு இருக்கு, அதோட இலை விட்டமின் டி மாதிரி வேலை செய்யும், கால்சியம் போய் ரத்தக் குழாயிலயும் தசைநாரிலயும் படியும். குதிரை மாசக்கணக்குல மெலிஞ்சு, நடை விறைச்சுப் போய், காரணமே பிடிபடாம இழுத்துட்டு நிக்கும். ரெண்டையும் வேண்டாம்னு வச்சுக்கோங்க.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருந்தா கணக்கே வேற. அங்க வேலியோரம் எக்காளம் மாதிரி பெருசா தலைகீழா தொங்குமே ஒரு பூ, ஏஞ்சல் ட்ரம்பெட்னு சொல்றது, அது நம்ம ஊமத்தைக்குச் சொந்தக்காரன், குடல் அசைவையே நிறுத்திடும். அசேலியா, ரோடோடென்ட்ரான் ரெண்டும் இதயத்துக்கும் நரம்புக்கும் ஆகாது. ஹைட்ரேஞ்சியாவும் வேண்டாம். சவாரி முடிஞ்சு மட்டக் குதிரைங்கள ரோட்டுல அவுத்து விட்டுடறாங்க, அதுங்க வீட்டுத் தோட்டத்து வேலியில வாய வைக்குதுங்க, குப்பைத் தொட்டியில கவாத்துக் கழிவ கிளறுதுங்க. மலையில வீடு இருக்கிறவங்க குதிரை வளக்கலன்னாலும் வெட்டுனத சாக்குல கட்டிப் போட்டா புண்ணியமா போகும். கீழ்மலையில பொதி சுமக்குற குதிரை வச்சிருக்கிறவங்க பட்டர் ஃப்ரூட் மரத்தடியில கட்டாதீங்க, அதோட இலை ஆகாது, பால் குடுக்குற பெட்டைக்கு மடி வீங்கி பால் வத்திடும், மூஞ்சி வீங்கும், இதயமும் கெடும்.

டிஃபன்பேக்கியா, மணி பிளான்ட், சேம்பு டைப் செடிங்க எல்லாம் வாய அரிக்கும், எச்சில் ஒழுகும், பெரும்பாலும் அதோட போயிடும். சைக்கஸ் கல்லீரலுக்கு ஆகாது, கொட்டை இன்னும் மோசம். நர்சரியில கலர் கலரா வர்ற கலாஞ்சோவும் இதய விஷம்தான். உண்ணிச்செடியும் முதல்ல அழகுக்குன்னு இந்தியாவுக்குள்ள வந்ததுதான், இப்ப நீலகிரிக் காட்டுல பாதிய அதுதான் பிடிச்சு வச்சிருக்கோன்னு தோணுது. மாடு ஆடு அளவுக்கு குதிரைக்கு அதுல கேஸ் வர்றதில்ல, இருந்தாலும் கொட்டகைய ஒட்டி வளர விடாதீங்க.

சரி, என்னதான் வைக்கிறதுன்னா ரோஜா, மல்லிகை, அரேகா பனை, இதெல்லாம் பயமில்ல. பாதை ஓரத்துக்கு நாங்க வெட்டிவேர் போட்டிருக்கோம், அப்பாவுக்கு இன்னும் மனசு ஆறல.

வேலை 5: ஏதாச்சும் ஆகுறதுக்கு முன்னாடியே பழகிக்க வேண்டியது

குதிரை நல்லா இருக்கிற நாள்லயே அதோட நாடி பாக்கக் கத்துக்கோங்க. கீழ்த்தாடை எலும்போட உள்பக்கம் விரல வச்சுத் தடவினா கயிறு மாதிரி ஒண்ணு உருளும், லேசா அழுத்துங்க, 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்குங்க. சும்மா நிக்கிற பெரிய குதிரைக்கு நிமிஷத்துக்கு 28ல இருந்து 44 வரைக்கும் இருக்கும், மட்டக் குதிரைக்குக் கொஞ்சம் கூட இருக்கலாம். அப்புறம் உதட்டத் தூக்கி ஈற அழுத்தி விடுங்க, வெளுத்த இடம் ரெண்டு செகண்டுல மறுபடி ரோஸ் ஆகணும். பத்து நாள் செஞ்சா உங்க குதிரையோட கணக்கு உங்களுக்கு மனப்பாடம் ஆயிடும்.

குதிரை பாக்கத் தெரிஞ்ச டாக்டர் யாருன்னு இப்பவே தேடி வைங்க, ராத்திரி 11 மணிக்குத் தேடாதீங்க. மாடு பாக்குற டாக்டர் எல்லா ஊர்லயும் இருக்காரு, குதிரைக்கு மூக்கு வழியா ட்யூப் போட்டுப் பழகினவர் அவ்வளவு பேர் இல்ல. 1962ங்கிற கால்நடை ஆம்புலன்ஸ் நம்பரையும், பக்கத்துல இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரி நம்பரையும், நாமக்கல்லோ உடுமலையோ சென்னை வேப்பேரியோ எது பக்கமோ அத, கொட்டகைச் சுவத்துல பெயின்ட்ல எழுதி வைங்க. போன்ல மட்டும் இருந்தா நீங்க இல்லாத நேரத்துல பையனுக்கு உதவாது.

வேலை 6: தின்னுடுச்சுன்னு சந்தேகம் வந்தா

அறிகுறிக்குக் காத்திருக்காதீங்க. அரளின்னா சில மணி நேரத்துல வயித்து வலி மாதிரி ஆரம்பிக்கும், வயித்தத் திரும்பித் திரும்பிப் பாக்கும், காலால உதைக்கும், கழிச்சல், காது கால் சில்லுனு ஆகும், நடுக்கம், துடிப்பு தாறுமாறா ஓடும். சில குதிரை ஒண்ணுமே காட்டாம காலையில கொட்டகையில விழுந்து கிடக்கும்.

வாயில மிச்சம் இருந்தா எடுத்துட்டு தண்ணி விட்டு அலசுங்க. செடிய ஒரு கிளை எடுத்து வைங்க, டாக்டருக்குக் காட்டணும். தீவனத்த நிறுத்துங்க. டாக்டருக்கு போன் பண்ணும்போது "வயித்து வலி"ன்னு மட்டும் சொல்லாம "அரளி தின்னுருக்கு, இவ்வளவு நேரம் ஆச்சு, நாடி இவ்வளவு"ன்னு சொல்லுங்க, அவர் எடுத்துட்டு வர்ற மருந்தே மாறும்.

ரெண்டு தப்பு எல்லாரும் பண்றது. ஒண்ணு, வயித்து வலின்னா குதிரைய நடக்க விடணும்னு ஒரு பழக்கம் இருக்கு, கயித்தப் பிடிச்சு ஒரு மணி நேரம் சுத்துவாங்க. அரளி தின்ன குதிரைய நடக்க வைக்காதீங்க, இதயம் ஏற்கனவே தடுமாறிட்டு இருக்கு, அந்த நடையிலயே விழுந்துடலாம். நிழல்ல அமைதியா நிக்க வைங்க, வண்டியில ஏத்தணும்னாலும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஏத்துங்க. இன்னொண்ணு, மூங்கில் குழாய்லயோ பாட்டில்லயோ எண்ணெய், மோர், உப்புத் தண்ணின்னு வாயில ஊத்துறது. வாந்தியும் வராது, ஊத்துனது நுரையீரலுக்குப் போச்சுன்னா அது தனி நோவு. டாக்டர் வந்து மூக்கு ட்யூப் வழியா மருத்துவக் கரி கரைச்சு விடுவாரு, அது குடல்ல இருக்கிற விஷத்தப் பிடிச்சுக்கும், அப்புறம் துடிப்புக்கு மருந்து, குளுக்கோஸ். எவ்வளவு சீக்கிரம் கரி போகுதோ அவ்வளவு நல்லது. எங்க குதிரைக்கு சாயங்காலம் ஆறு மணிக்குப் பாத்தோம், எட்டரைக்குக் கரி உள்ள போச்சு. அதுக்கப்புறமும் ஒரு மாசம் யாரையும் ஏற விடல.

இன்னும் ஒண்ணு, மாலை

கோயில் ஊர்வலத்துக்கோ கல்யாணத்துக்கோ குதிரை கேட்டு வருவாங்க, போனதும் ஆசையா கழுத்துல ஒரு மாலை போடுவாங்க. அம்மன் கோயில்னா அது செவ்வரளி மாலையா இருக்கத்தான் நிறைய சான்ஸ். கூட நிக்கிற இன்னொரு குதிரை அந்த மாலைய இழுத்துத் தின்னும், இல்ல இதுவே கழுத்த வளைச்சுக் கடிக்கும், வெயில்ல அது வாடி வேற இருக்கும். பூவும் விஷம்தான். சாமிக்குப் போட்டத கழட்டுன்னு அங்க நின்னு சொன்னா சண்டைதான் வரும், ஒரு தடவ எனக்கு வந்துச்சு. இப்ப அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிடறேன், குதிரைக்கு ரோஜா மாலை, இல்லன்னா மல்லி, ரேட் ஏறுனா அந்த வித்தியாசத்த நான் குறைச்சுக்கறேன்னு. பெரும்பாலும் யாரும் குறைக்கச் சொன்னதில்ல.